நியாயம் பேசப் போற தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

பாப்பா, நீ வாட்ஸ்அப்ல அனுப்பின லிஸ்ட்டைப் பார்த்தேன். யூட்டிலிட்டேரியனிசம், டியான்டாலஜி, வெர்ச்சூ எதிக்ஸ். எதிரெதிரே பெந்தாம், கான்ட், அரிஸ்டாட்டில்னு பேர். கீழ "இதையெல்லாம் எப்படிக்கா மனப்பாடம் பண்றது?"ன்னு ஒரு அழுகிற பொம்மை வேற. யுபிஎஸ்சி மெயின்ஸ்ல எதிக்ஸ் பேப்பர் 2013-ல வந்தது, 250 மார்க். அதுல பாதிக்குக் கிட்ட கேஸ் ஸ்டடி. "இந்த நிலைமையில நீ இருந்தா என்ன பண்ணுவ, ஏன்?"னு கேட்பாங்க. மனப்பாடம் பண்ணினவங்க மாட்டிக்கிறது அங்கதான்.

நான் படிச்சது தமிழ். களமருதூர்ல உட்கார்ந்து பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறவ. தத்துவத்துக்குன்னு தனியா எந்தக் காலேஜுக்கும் போகல. ஆனா நம்ம பக்கத்துப் பூமிக்கு இந்த விஷயத்துல ஒரு குறையும் இல்ல. திருநாவலூர், திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூர், கூவாகம், கல்வராயன் மலைன்னு பஸ் ஏறிப் போயிட்டு வர்ற ஊருங்கள்ல உன் சிலபஸ்ல பாதி கிடக்கு. அதனால புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு இதைப் படி.

கேள்வியைப் பிரிச்சுக் கேளு

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல பாக்கெட் சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அரசாங்கம் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவிச்சது. அப்போ நம்ம மாவட்டத்துல எந்த டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தாலும் அதே பேச்சு: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" அதை எதிர்த்து ஐகோர்ட்ல வழக்குகூடப் போட்டாங்க. இந்தப் பக்கம், "ஏழை செத்தா மட்டும் கணக்குப் பார்ப்பீங்களா?"ன்னு கோபம். ரெண்டு பேரும் தொண்டை கிழியப் பேசினாங்க. ஆனா ஒருத்தர் கேட்டதுக்கு இன்னொருத்தர் பதில் சொல்லல. காரணம், அந்த ஒரு வரிக்குள்ள நாலஞ்சு கேள்வி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அவிழ்த்துப் பாரு.

என்ன குடிச்சாங்க, எதனால செத்தாங்க? இது உண்மைக் கேள்வி. இதுல உன் கருத்துக்கும் என் கருத்துக்கும் வேலையே இல்ல, டாக்டரும் ஆய்வகமும் சொல்லணும். சொன்னாங்க: மெத்தனால். உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி ரத்தத்தைக் கெடுக்கும், கண் நரம்பைப் பிடிக்கும்.

யார் பொறுப்பு? இது வேற. குடிச்சவர், வித்தவர், மெத்தனாலைக் கொண்டுவந்து சேர்த்தவர், தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தவர். ஒருத்தர் மேல பொறுப்பு ஏத்தினா இன்னொருத்தர் மேல அந்த அளவுக்கு இறங்கிடும்னு நாம நினைக்கிறோம். அப்படி ஒரு கணக்கே கிடையாது. குடிச்சது தப்புன்னே வெச்சுக்க, விஷம் வித்தவனோட குத்தம் அதனால ஒரு பொட்டுகூடக் குறையாது.

அந்தப் பணம் எதுக்கு? செத்தவர் செஞ்ச காரியத்துக்குப் பரிசா, மிஞ்சி நிக்கிறவங்களுக்கு ஆதரவா? "குடிச்சுச் செத்தவனுக்கு"ன்னு சொல்றப்போ நாம தகுதியைப் பேசுறோம். ஆனா பணம் போய்ச் சேர்றது குடிக்காத பொண்டாட்டிக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும். அங்க பேச வேண்டியது தேவையை. பரீட்சையில நஷ்டஈடு, இடஒதுக்கீடு, மானியம்னு எது வந்தாலும் முதல்ல இதைப் பாரு: பேசுறவர் தகுதியை அளக்கிறாரா, தேவையை அளக்கிறாரா? பாதிச் சண்டை இங்கயே தெளிஞ்சுடும்.

குடுத்தா குடி கூடுமா? இது விளைவுக் கேள்வி. பெந்தாம் 1789-ல எழுதின புஸ்தகத்துல எல்லாத்தையும் இந்தத் தராசுலதான் நிறுக்கச் சொன்னார்: இதனால எத்தனை பேருக்கு எவ்வளவு சுகம், எவ்வளவு துன்பம்? நல்ல தராசுதான். ஆனா கணக்குப் போடாமலே விடை சொல்லக் கூடாது. பத்து லட்சம் வரும்னு எவனாவது தெரிஞ்சே விஷத்தைக் குடிப்பானா?

கடைசியா ஒண்ணு, எனக்கு இதுதான் பலமாத் தெரியுது. பட்டாசு ஆலை வெடிச்சுச் செத்த தொழிலாளி குடும்பத்துக்கு இதைவிடக் குறைவாத்தானே அறிவிக்கிறாங்க, அது எப்படி? ஒரே மாதிரி கேஸை ஒரே மாதிரி நடத்தணும்கிறது அரிஸ்டாட்டில் காலத்துல இருந்து நியாயத்தோட அடிப்படை. ஆனா கவனி பாப்பா, இந்த வாதம் எந்தப் பக்கமும் சாயும். இங்க குறைன்னும் சொல்லலாம், அங்க ஏத்துன்னும் சொல்லலாம். எந்தப் பக்கம்னு முடிவு பண்ண இன்னொரு காரணம் வேணும். என்னைக் கேட்டா அங்க ஏத்தணும். ஏன்னா சம்பாதிக்கிற ஆள் போன வீட்டோட செலவு எந்த ஊர்லயும் ஒண்ணுதான்.

ஹ்யூம்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1740-ல வெளிவந்த புஸ்தகத்துல ஒரு புகார் சொல்லியிருப்பார்: எல்லாரும் "இது இப்படி இருக்கு, அது அப்படி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வர்றாங்க, திடீர்னு "அதனால இப்படிச் செய்யணும்"னு தாவிடுறாங்க, நடுவுல இருக்க வேண்டிய படி எங்கன்னு. அந்தப் படியைத் தேடிப் பழகிக்க. சட்டத்துலயும் இதே தாவல் நடக்கும். டாஸ்மாக் சரக்கு சட்டப்படி சரி, பாக்கெட் சட்டப்படி தப்பு. கருணாபுரத்துக்கு அப்புறம் அதே மாசம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் கொண்டுவந்தாங்க. அது சட்டம் போட்ட கோடு. ஒழுக்கமும் அதே இடத்துலதான் கோடு போடணும்னு கட்டாயம் இல்ல. விடைத்தாள்ல "இது சட்டவிரோதம், எனவே தவறு"ன்னு ஒரே வரியில முடிச்சிடாதே.

புகை தெரிஞ்சா நெருப்புன்னு சொல்லலாம், அதோட நிறுத்து

கருணாபுரம் சம்பவம் நடந்ததும் நிறையப் பேர் கை நீட்டினது மேற்கால, கல்வராயன் மலைப் பக்கம். "மலையில காய்ச்சுறவங்களாலதான்."

இந்தப் பேச்சைச் சோதிக்க ஒரு வழி மணிமேகலையில இருக்கு. அதுல 29-ஆம் காதையை யாரும் ஆசையாப் படிக்க மாட்டாங்க. கதை ஒண்ணும் நகராது. அறவண அடிகள் காஞ்சிபுரத்துல மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லிக் குடுக்கிறார், அவ்வளவுதான். காண்டல், கருதல்னு ரெண்டே அளவை அவருக்கு. கண்ணால பார்க்கிறது, பார்த்ததை வெச்சு ஊகிக்கிறது. ஊகிக்கிறதுக்கு உறுப்புகள் சொல்றார்: பக்கம், ஏது, திட்டாந்தம். இந்த மலையில நெருப்பு இருக்குங்கிறது பக்கம். ஏன்னா புகை தெரியுதுங்கிறது ஏது. அடுப்படியில பார்க்கலையாங்கிறது திட்டாந்தம். இதுல ஒவ்வொண்ணும் எப்படியெல்லாம் கெட்டுப்போகும்னு பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு நீளமா வரிசை போடுவார். இப்போ நீ கோச்சிங்ல 'ஃபாலசி'ன்னு படிக்கிறது அதைத்தான்.

அதை அப்படியே கல்வராயன் மலைக்குக் கொண்டு போ. மலைமேல புகை தெரிஞ்சா நெருப்பு இருக்கு, சரி. ஊறல் இருக்கு? அது சோறு வடிக்கிற புகையா இருக்கலாம், காடு திருத்துற புகையா இருக்கலாம். சாராய ஊறல் மலையில கிடையாதுன்னு நான் சொல்லல. பேரல் பேரலா கண்டுபிடிச்சுக் கொட்டி அழிச்சாங்கன்னு பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா "சில பேர் காய்ச்சுறாங்க"ங்கிறதுல இருந்து "மலைக்காரங்களே அப்படித்தான்"ங்கிறதுக்குப் போனா அது முதல் தாவல். அங்க இருந்து "கருணாபுரம் விஷமும் அவங்களாலதான்"னு போனா ரெண்டாவது தாவல். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவெச்சுக் காய்ச்சினா வர்ற சமாச்சாரம் இல்ல அது.

அந்த வருஷமே சென்னை ஐகோர்ட் தானா முன்வந்து கல்வராயன் மலை மக்களோட வாழ்க்கை நிலைமையை வழக்கா எடுத்துச்சு. ரோடு என்ன ஆச்சு, ஆஸ்பத்திரி என்ன ஆச்சு, பிழைப்புக்கு வழி என்னன்னு கேள்வி மாறினது. இப்போ உன்னை மாதிரி படிக்கிற பிள்ளைங்க இன்னொரு குழியில விழுவாங்க: "வேற வழி இல்லாமதான் காய்ச்சுறாங்க, அதனால தப்பில்ல." காரணம் சொல்றது வேற, நியாயப்படுத்துறது வேற பாப்பா. ஒரு ஆள் ஏன் அப்படிச் செஞ்சார்னு புரிஞ்சுக்கிறதால அவர் செஞ்சது சரியாகிடாது. அதுக்காகப் புரிஞ்சுக்காம இருக்கவும் கூடாது. புரிஞ்சாத்தான் அடுத்தது என்ன செய்யலாம்னு சொல்ல முடியும்.

ஓலை உண்மைதான், அப்புறம்?

திருநாவலூர்ல பிறந்த சுந்தரருக்குப் புத்தூர்ல கல்யாணம். பந்தல்ல ஒரு கிழவர் வந்து நின்னு, "இவன் எனக்கு அடிமை, என்கிட்ட ஆளோலை இருக்கு"ன்னார். இந்தக் கதையைக் கோயில்ல கேட்டிருப்ப, கண்ணுல தண்ணி வரும். எனக்கும் வரும். அதை ஒரு பக்கம் வெச்சுட்டு, சேக்கிழார் இதை எழுதியிருக்கிற விதத்தை மட்டும் பாரு. பன்னிரண்டாம் நூற்றாண்டுல ஒரு சபை எப்படி வழக்கு விசாரிச்சிருக்கும்னு படிப்படியாக் காட்டுறார்.

முதல்ல சுந்தரர் என்ன பண்றார்? கிழவரைப் பித்தன்கிறார். வாதத்துக்குப் பதில் சொல்லாம ஆளைச் சொல்றது. அடுத்தது, ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போடுறார். ஆதாரத்தை அழிச்சா விஷயம் பொய்யாகிடுமா? ரெண்டும் நம்ம தெருவுல தினம் நடக்கிறதுதான்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகுது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாகிறது வழக்கத்துல இல்லையேங்கிறாங்க சபையார். கிழவர் அசரல: இவன் கிழிச்சது இவன் பாட்டன் எழுதிக் குடுத்த ஓலைங்கிறார். அப்போ சபை கேட்கிற சாட்சி மூணு வகை: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. தொன்றுதொட்டு நடந்து வர்ற வழக்கம், எழுத்து, மூணாவது ஆள் பார்த்தது. கிழவர் அப்போதான் எடுத்து விடுறார்: கிழிஞ்சது படியோலை, மூலவோலை பத்திரமா இருக்கு. மறுபடி கிழிக்க விடாம காப்பாத்துவீங்கன்னா காட்டுறேன்கிறார். ஓலையைக் கரணத்தான் வாங்கி வாசிக்கிறார். சாட்சிக் கையெழுத்தைப் பார்க்கிறாங்க. பாட்டனோட எழுத்துதானான்னு தெரிஞ்சுக்க, காப்புல இருந்த அவரோட இன்னொரு கையெழுத்தைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. ஒத்துப்போகுது. "நீ தோத்துட்டப்பா"ங்கிறாங்க சுந்தரர்கிட்ட.

விசாரணைன்னா இதுதான் விசாரணை. எதிர்த்தரப்பு கேலி பண்ணின ஆள் கொண்டுவந்த ஆதாரத்தைக்கூட நேர்மையாச் சோதிச்சாங்க, பார்க்க எப்படி இருந்தார்னு அளக்கல. உன் நோட்ஸ்ல 'அப்ஜெக்டிவிட்டி'ன்னு இருக்கிற இடத்துல இந்தச் சபையை எழுதி வெச்சுக்க.

ஆனா அந்தச் சபை கேட்காம விட்ட ஒரு கேள்வி இருக்கு. ஓலை உண்மை, எழுதினது பாட்டன், எல்லாம் சரி. பொறக்காத பேரனை எழுதி வைக்கப் பாட்டனுக்கு என்ன உரிமை?

பக்திக் கதையில அது கேட்க வேண்டிய கேள்வி இல்ல. வந்தவர் சிவன், அவர் அடிமைன்னு சொன்னதே அருள். வெளியில அப்படி இல்ல. அப்பன் வாங்கின கடனுக்கு மகன் செங்கல் சூளையில, அரிசி ஆலையில உழைச்சான், எத்தனை ஊர்ல! பத்திரம் உண்மையாவே இருந்தது, கைநாட்டும் உண்மை. 1976-ல வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாதுன்னு தள்ளுச்சு. வாரிசா வந்த கடமைன்னு சொல்லி வேலை வாங்கறதையும் கொத்தடிமைக்குள்ளயே சேர்த்துச்சு. கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில இருந்து அரசாங்கத்துக்கு வந்ததும் அதே 1976-லதான். ஆவணம் செல்லுமாங்கிறது ஒரு கேள்வி, அந்த ஆவணம் கட்டுப்படுத்தலாமாங்கிறது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை ஒழுங்கா விசாரிச்ச திருப்தியில ரெண்டாவதை மறந்துடுறது படிச்சவங்களுக்கே உரிய வியாதி. ஆபீசர் ஆனதும் உனக்கும் வரும், பார்த்துக்க.

எதிராளி தலையாட்டுற மாதிரி எழுது

இது சின்ன டிப்ஸ். அதே திருவெண்ணெய்நல்லூர்லதான் பதிமூணாம் நூற்றாண்டுல மெய்கண்டார் இருந்தார். அவரோட சீடர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்னு எழுதினார். அதை ரெண்டாப் பிரிச்சார்: பரபக்கம், சுபக்கம். தன் கட்சியைச் சொல்றதுக்கு முன்னால மத்தவங்க கட்சியைச் சொல்றார். கடவுளே இல்லைங்கிற உலகாயதன்ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு மதமும் என்ன சொல்லுதுன்னு எழுதிட்டு, அப்புறம்தான் மறுப்பு. தமிழ்ல உலகாயதம் என்ன சொன்னதுன்னு தெரிஞ்சுக்க இன்னைக்கும் நாம போறது அவங்களை எதிர்த்தவங்க எழுதினதுக்குத்தான், நீலகேசிக்கும் சித்தியாருக்கும். எதிராளியை அரைகுறையா எழுதியிருந்தா நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பத்து லட்சம் விஷயத்தை வெச்சே பழகிப் பாரு. உனக்குப் பிடிக்காத பக்கத்தை, அந்தப் பக்கத்துக்காரர் படிச்சா "ஆமா, இதைத்தான் சொல்றேன்"ங்கிற மாதிரி அஞ்சு வரி எழுது. அது முடியலைன்னா உனக்கு இன்னும் உன் பக்கமே புரியலைன்னு அர்த்தம்.

ஒருத்தனைக் குடுத்துப் பல பேரைக் காப்பாத்தலாமா?

1967-ல ஃபிலிப்பா ஃபுட்டுங்கிற அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. பிரேக் இல்லாத ட்ராம் வண்டி, நேரா போனா அஞ்சு பேர் சாவாங்க, திருப்பினா ஒருத்தர். திருப்பலாமா? பெரும்பாலும் திருப்பலாம்னுதான் சொல்வோம். அப்புறம் ஜூடித் ஜார்விஸ் தாம்சன்னு இன்னொரு அம்மா மாத்திக் கேட்டாங்க: திருப்ப வழியில்ல, ஆனா பாலத்துமேல நிக்கிற கனத்த ஆளைத் தள்ளிவிட்டா வண்டி நின்னுடும், தள்ளலாமா? உடனே "ஐயையோ"ன்னுடுவோம். எண்ணிக்கை ரெண்டுலயும் அஞ்சுக்கு ஒண்ணுதான். அப்போ எண்ணிக்கையைத் தாண்டி எதையோ நாம பார்க்கிறோம்.

உலகம் பூரா பாடம் நடத்துற இந்தக் கேள்வியைச் சித்திரை மாசம் நம்ம பக்கம் கூவாகத்துல திருவிழாவாவே நடத்துறாங்க. பாரதப் போர்ல பாண்டவர் ஜெயிக்கக் களப்பலி குடுக்கணும். முப்பத்திரண்டு லட்சணமும் உள்ள ஆள் வேணும். கூத்துல சொல்றபடி அப்படிப்பட்டவங்க மூணே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அர்ச்சுனன் மகன் அரவான். விழுந்தது அரவான் மேல.

இதுல இருந்து மூணு கேள்வி எடுத்துக்க. கணக்குப் போட்டது யாரு? கிருஷ்ணன். அவனும் அந்த மூணு பேர்ல ஒருத்தன்தானே! நீ இல்லாமப் போர் நடக்காது, அர்ச்சுனன் இல்லாமலும் நடக்காது, அப்போ சின்னப் பையன் போகட்டும்கிறது எந்த ஊர் நியாயம்னு எந்தக் கிழவியும் கேட்பா. கான்ட் 1785-ல நீட்டி முழக்கி எழுதினதோட ஒரு பகுதி அந்தக் கிழவி கேட்கிறதுதான்: நீ போடுற விதி உனக்கும் சேர்த்துத்தானா? மனுஷனை உன் காரியத்துக்கு வெறும் கருவியா ஆக்கிட்டியா?

ரெண்டாவது, அரவான் சம்மதிச்சான். சம்மதம் பெரிய விஷயம், பாலத்துல நிக்கிற ஆள்கிட்ட அது இல்ல. ஆனா அப்பனும் கடவுளும் எதிர்ல நின்னு கேட்கிறப்போ ஒரு பிள்ளை சொல்ற "சரி" எவ்வளவு தூரம் அவனோட சரி? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு நம்ம வீடுகள்ல பொண்ணுகிட்ட கேட்கிற லட்சணம் உனக்குத் தெரியாததா?

மூணாவது, எனக்குக் கூவாகத்துலதான் விளங்கினது. அரவானைக் கட்டிக்க எந்தப் பொண்ணும் வரல, கிருஷ்ணனே மோகினியா வந்தான். அதை நினைச்சுத் திருநங்கைங்க கூத்தாண்டவர் கோயில் பூசாரி கையால தாலி கட்டிக்கிறாங்க. மறுநாள் தேர் பந்தலடிக்குப் போனதும் தாலியை அறுத்து, வளையலை உடைச்சு, மாரடிச்சு அழறாங்க. முதல் நாள் வாங்கின வளையல், அரக்கும் பச்சையுமா, துண்டு துண்டா மண்ணுல கிடக்கும். வேடிக்கை பார்க்கப் போற கூட்டம் அங்க வந்து வாயடைச்சு நிக்கும். போர்ல ஜெயிச்சாச்சு, கணக்கு சரியா வந்தாச்சு. அப்புறமும் யாரோ ஒருத்தர் அழுதுதான் ஆகணும். பெர்னார்ட் வில்லியம்ஸ்னு ஒரு ஆங்கிலேயத் தத்துவக்காரர், ரெண்டு கடமை மோதி ஒண்ணைச் சரியாவே தேர்ந்தெடுத்தாலும் விட்டுப்போன கடமை அழிஞ்சிடாது, அது வருத்தமா மிஞ்சும்னு வாதாடினார். பாலத்துக்காக வீட்டை இடிக்கக் கையெழுத்துப் போடுற கலெக்டருக்கு இது தெரிஞ்சிருக்கணும். முடிவு சரியாவே இருக்கட்டும், இடிபட்ட வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிற கடமை மீதி இருக்கு.

கோவூர் கிழார்கிட்ட கத்துக்க

மலையமான் வம்சம் திருக்கோவிலூர்ப் பக்கத்தை ஆண்டது. மலையமானோட சின்னப் பிள்ளைங்களைப் பிடிச்சு யானைக் காலுல போடப் போறான் சோழன் கிள்ளிவளவன். புலவர் கோவூர் கிழார் தடுக்கிறார். புறநானூறு 46-ஆம் பாட்டு, சின்னப் பாட்டுதான்.

அவர் சட்டம் பேசல, கொலை பாவம்னும் சொல்லல. நீ புறாவுக்காகத் தன் உடம்பைக் குடுத்தவன் வம்சம்னு அவனையே அவனுக்கு ஞாபகப்படுத்துறார். இதுங்க புலவருக்குப் பங்கிட்டுச் சாப்பிட்டவங்க வம்சம்னு பிள்ளைங்களைச் சொல்றார். அப்புறம் பிள்ளைங்களைப் பார்க்க வைக்கிறார்: யானையைப் பார்த்த அதிசயத்துல அழுகையை மறந்து, கூடியிருக்கிற சனத்தைப் பார்த்து மிரண்டு நிக்குதுங்க. கடைசியில, கேட்டுட்டல்ல, உன் இஷ்டம்னு விட்டுடுறார். பிள்ளைங்க தப்பிச்சுதுங்க.

வெர்ச்சூ எதிக்ஸ்னா "இந்தச் செயல் எந்த விதிக்குள்ள வரும்?"னு கேட்கிறதைவிட, "இதைச் செஞ்சா நான் எப்படிப்பட்ட ஆள்?"னு கேட்கிறது. கிழார் ராஜாகிட்ட கேட்டது அதுதான். இன்னொண்ணும் பாரு: வாதம் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஆளைக் கண்ணு முன்னால நிறுத்தற ஒரு வரி அதுல இருக்கணும். 'பாதிக்கப்பட்டோர்'னு எழுதுற விடை யாரையும் காட்டாது.

இப்போ ஒண்ணு போட்டுப் பார்ப்போம்

நூறு நாள் வேலை நடக்குது. நீ பணித்தளப் பொறுப்பாளர். ஆப்ல போட்டோ எடுத்து வருகை போடணும். தனியா இருக்கிற ஒரு பாட்டி, முட்டி வீங்கிப்போய் மண்வெட்டி பிடிக்க முடியல. "போட்டோவுக்கு மட்டும் வந்து நிக்கிறேன், பேரைப் போட்டுடு கண்ணு"ங்குது.

உண்மை என்ன? பாட்டிக்கு நிஜமாவே முடியலையா, உதவித்தொகை வருதா வரலையா? தெரியாம முடிவு பண்ணாதே. சட்டம்? போடக் கூடாது. விளைவு? ஒரு பாட்டியால அரசாங்கம் கவிழாது, ஆனா நாளைக்குப் பத்துப் பேர் முட்டி வீங்கும், மறுக்க உன்கிட்ட காரணம் இருக்காது. மத்தவங்களுக்கு நியாயம்? வெயில்ல வெட்டுறவங்க வெட்டின அளவை வெச்சுத்தான் கூலி. வெட்டாத ஆளோட பங்கும் அவங்க முதுகுலதான் ஏறும். நீ யாரு? பொய்க் கணக்கு எழுதுற ஆளாவும் இருக்க வேண்டாம், பாட்டியை வெரட்டுற ஆளாவும் இருக்க வேண்டாம்.

இங்கதான் பாதிப் பேர் "எழுதுவேன்", "எழுத மாட்டேன்"னு ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்தை நிரப்புவாங்க. கேள்வி ரெண்டு வாசல்தான் காட்டும், நீ மூணாவதைத் தேடணும். வேலைத்தளத்துல தண்ணி குடுக்க ஆள் வேணும், சின்னப் பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் வேணும். பாட்டியை அதுல போடு, நிஜமா வேலை செய்யட்டும், நிஜமாப் பேர் எழுது. முதியோர் உதவித்தொகைக்கு மனு நீயே எழுதிக் குடு, வி.ஏ.ஓ. கிட்ட கூட்டிட்டுப் போ. அப்புறம் அது ஏன் இத்தனை நாளா வரலைன்னு தாலுகா ஆபீஸ்ல கேளு. அந்தக் கடைசி வரி எழுதுறவங்க குறைவு.

பரீட்சையைத் தமிழ்லயே எழுதலாம், அதுல தயங்காதே. தத்துவக்காரங்க பேரை வரிசையா அடுக்காதே, வாதத்துக்கு உதவுற இடத்துல ஒரு பேர் போதும்.

இப்போ உனக்கு வீட்டுப்பாடம். திருக்கோவிலூர்ல இருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் கதை தெரியும்ல? எதிரி முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள்ள கத்தியை மறைச்சுக்கிட்டு வந்து குத்திட்டான். காவல்காரன் தத்தன் வாளை ஓங்கறான். சாகப்போற ராஜா தடுத்து, இவனை ஊர் எல்லை தாண்டிப் பத்திரமா விட்டுட்டு வாங்கிறார். எல்லாரும் ராஜாவைப் பத்தித்தான் பேசுவாங்க. நீ தத்தனைப் பத்தி எழுது. ஊரே திரண்டு கல்லோட வருது, கொலைகாரன் உன் முதுகுக்குப் பின்னால நிக்கிறான், உனக்கும் அவனை வெட்டணும்னுதான் இருக்கு, எஜமான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நீ திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கார். நீ என்ன பண்ணுவ? ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு.